கரையான் அக்காவின் அட்டை

கரையானுக்கு மருந்தடிக்கும் தொழிலில் இருபது வருடமாக இருக்கும் அவளை எல்லோரும் 'கரையான் அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். மருந்தடித்தோமா, கிளம்பினோமா என்று இருக்க மாட்டாள். எந்தக் கதவு நிலை, எந்த அலமாரி, மறுபடி எப்போது தட்டிப் பார்க்க வேண்டும் என்று வீட்டுக்கொரு அட்டை எழுதிக் கடைச் சுவரில் மாட்டிவிடுவாள்.

தன் பெருங்குடலிலிருந்து புற்றுநோய்க் கட்டியை வெட்டியெடுத்த டாக்டரிடமும் அதையேதான் கேட்டாள். "திரும்ப வந்தா எங்க வரும், எப்ப வரும்?"

டாக்டர் மழுப்பவில்லை. "வந்தா பெரும்பாலும் முதல் மூணு வருஷத்துக்குள்ள. கல்லீரல்ல, நுரையீரல்ல, சில பேருக்கு வெட்டின இடத்துலயே. அஞ்சு வருஷம் விடாம பாக்கணும்."

அன்றே தனக்கும் ஓர் அட்டை எழுதி மாட்டினாள். கடையில் கூடமாட வேலை செய்யும் அண்ணன் அந்தப் பக்கமே திரும்ப மாட்டார்.

பதினாலாம் மாதம், ரத்தப் பரிசோதனையில் கட்டியைக் காட்டிக்கொடுக்கும் எண் ஏறியிருந்தது. ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். மறுநாள் கடையைத் திறந்தால் சுவரில் அவள் அட்டையைக் காணோம்.

"எங்கண்ணே அது?"

"நல்லாத்தானே சாப்பிடுற, நல்லாத்தானே ஏணி ஏறுற? எதுக்குப் போயி நோண்டுற? தேடினா எதையாவது சொல்லத்தான் செய்வாங்க."

"கரையான் அரிச்ச நிலைக்கு மேல பெயின்ட் அடிச்சு மறைக்கிறவங்களும் இதையேதான் சொல்றாங்க. தட்டினா பொலபொலன்னு கொட்டுது. அட்டையக் குடு."

"மறுபடியும் வயித்தக் கிழிப்பாங்கம்மா. என்னால அந்த ஆஸ்பத்திரி வராந்தாவுல உக்கார முடியாது."

போன தடவை ஐந்து மணி நேரம் அங்கே தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தவர் அவர். "குடுண்ணே" என்றாள், குரலைத் தணித்து. நீட்டிய கை மட்டும் இறங்கவில்லை. அண்ணன் சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த அட்டையை எடுத்துக் கொடுத்தார்.

ஸ்கேனில் கல்லீரலில் ஒரே ஒரு புள்ளி. சின்னதுதான், வெட்டியெடுத்துவிடலாம் என்றார் டாக்டர்.

கடைக்குத் திரும்பியதும் 'கல்லீரல்' என்ற வரியைச் சிவப்பு மையால் வட்டமிட்டாள். ஆப்பரேஷன் தேதியைப் போட்டாள். அதற்குக் கீழே மறுபடியும் முதலிலிருந்து ஐந்து வருடத்துக்கான தேதிகள். இடம் போதாமல் இன்னோர் அட்டையை ஒட்டிக்கொண்டாள்.

"இத்தன வருஷத்துக்கா?" என்றார் அண்ணன்.

"பின்ன? அது வர்ற இடத்துல, அதுக்கு முந்தி நான் போயி நிப்பேன்."

"அந்த வராந்தா..."

"உக்கார முடியலன்னா நின்னுக்கண்ணே. இப்ப ஏணியத் தூக்கு, நூலகத்துல வேல கெடக்கு."