எதிர்வீட்டுக் கோலம்

நவராத்திரியின் மூன்றாம் நாளும் ருக்குவின் வீட்டுக்கு வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்ள யாரும் வரவில்லை. சுண்டலை அவளும் கணவர் கஸ்தூரிரங்கனுமே இரண்டு வேளையும் சாப்பிட்டார்கள்.

"அம்பாளுக்கு அஜீர்ணம் வராது. எனக்கு வந்துடும்போல இருக்கு" என்றார் அவர்.

கொலுப்படியில் பாதிப் பொம்மைகள் ரோஹிணியுடையவை. சரோஜினி நகர் சர்க்கார் குவார்ட்டர்ஸில் அடுத்தடுத்த வீட்டில் இருந்த காலமெல்லாம் இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே கொலுதான். ஒரு வருஷம் இங்கே, மறுவருஷம் அங்கே. சாயங்காலமானால் இருவரும் பட்டுப்புடவை சலசலக்க பிளாக் பிளாக்காக நடப்பார்கள். ராத்திரிச் சமையலுக்குள் ஏழெட்டு வீடு பார்த்துவிட்டுத் திரும்பலாம். கோயிலோ, கறிவேப்பிலையோ, பால் பூத்தோ, செருப்பை மாட்டிக்கொண்டால் போதும்.

கஸ்தூரிரங்கன் ரிடையரானதும் குவார்ட்டர்ஸை விடவேண்டி வந்தது. புசா ரோடு பக்கம் ஒரு பழைய மாடி வீடு பார்த்தார்கள். சின்ன வீடுதான், ஆனால் இறங்கினால் கடைத்தெரு. அட்வான்ஸ் கொடுக்கப் போனவரைத் தடுத்தவர் ரோஹிணியின் கணவர் சேஷன். ஊர்க்கோடியில், துவாரகாவில் எழும்பிக்கொண்டிருந்த கோ-ஆபரேட்டிவ் ஹவுசிங் சொசைட்டிக்கு அவர்தான் செக்ரெட்டரி.

"அந்தப் பொந்துல போய் என்ன பண்ணப்போறேள்? நம்ம சொசைட்டில எதிரெதிர் வீடா எடுத்துப்போம். கதவைத் திறந்தா நீங்க, நாங்க. கோயில் வரும், மார்க்கெட் வரும், மெட்ரோகூட வரப்போறதாம்."

கண்ணன் ஆண்ட ஊரின் பெயர் என்பதில் ருக்குவுக்கு ஒரு நம்பிக்கை. சேஷன் சொன்னதில் அதைவிட நம்பிக்கை.

ருக்குவின் சாமான்களோடு லாரி கிளம்பிய அன்று ரோஹிணி தன் பொம்மைப் பெட்டியையும் ஏற்றிவிட்டாள். "முதல்ல பொம்மை குடியேறட்டும் மாமி. பின்னாலேயே நாங்க வந்துடறோம்."

குளிர்காலம் போயிற்று, வெயிலும் போயிற்று. எதிர்வீட்டுப் பூட்டு மட்டும் அப்படியே தொங்கியது. போன் பண்ணினால், "அக்ஷய்க்கு ஆபீஸ்ல வேலை ஜாஸ்தி மாமி, அச்சா, பார்க்கலாம்" என்பாள் ரோஹிணி. அக்ஷய் என்பது ரோஹிணியின் பிள்ளை. பூட்டிய வாசல் மூளியாக இருக்கக் கூடாதென்று ருக்கு தினமும் அங்கேயும் ஒரு கோலம் போட்டுவந்தாள். லிஃப்ட் கதவு திறக்கும் சத்தம் கேட்டால் நிமிர்ந்து பார்ப்பாள்.

சொசைட்டி கேட்டுக்கு வெளியே நாலைந்து லாரி ஒன்றாகப் போகும் அகலத்துக்குச் சாலை. நடக்கிறவர்களுக்கு ஓரம் விட மட்டும் மறந்திருந்தார்கள். அக்கம்பக்கத்தார் காரில் புறப்பட்டுக் காரிலேயே வந்து இறங்கினார்கள். யார் முகமும் யாருக்கும் தெரியாது.

நாலாம் நாள் ருக்கு குங்குமச்சிமிழை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். நேரில் அழைத்தால் ரோஹிணி வராமல் போவாளா?

ரோஹிணியின் வாசலில் மாவிலைத் தோரணம், நிறையச் செருப்புகள். உள்ளே சுவருக்குப் புதுச் சுண்ணாம்பு. கூடத்தில் புதுப்படி. படி நிறையப் புதுப் பொம்மைகள். தாம்பாளத்தோடு வந்த ரோஹிணி நின்றுவிட்டாள்.

"வாங்கோ மாமி. ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதோ?"

"வெத்தலை பாக்குக்கு அழைக்க வந்தேன். போன்ல அழைச்சா நன்னாவா இருக்கும்?"

உட்கார்ந்திருந்த பின்பக்கத்து பிளாக் செல்வி கள்ளமில்லாமல் சிரித்தாள். "இவங்களுக்கென்ன மாமி, குவார்ட்டர்ஸை அக்ஷய் பேருக்கே மாத்திக் குடுத்துட்டாங்க. இனிமே அவன் ரிடையர் ஆகுற வரைக்கும் இங்கதான். நீங்க காலி பண்றதுக்கு முந்தியே எழுதிக் குடுத்தாங்களே, உங்ககிட்ட சொல்லலையா?"

பிள்ளைக்கும் மத்திய சர்க்கார் வேலை இருந்தால் ரிடையராகும் தகப்பனாரின் வீட்டை அவன் பேருக்குக் கேட்கலாம். ருக்குவுக்கு இருப்பது ஒரே பெண். கல்யாணமாகிப் புனேயில் இருக்கிறாள்.

சேஷன் பேப்பரை மடித்தார். "மெம்பர் குறைஞ்சா சொசைட்டியே நின்னுபோயிருக்கும் மாமி. உங்க நல்லதுக்குந்தான் சொன்னேன். அந்த ஏரியா எப்படி டெவலப் ஆகப்போறது பாருங்கோ."

"நல்லதுன்னா நீங்களும் வந்திருப்பேளே" என்றாள் ருக்கு, குரல் உயராமல்.

ரோஹிணி தலையைக் குனிந்துகொண்டாள். "அந்தப் பொம்மையெல்லாம் நீங்களே வெச்சுக்கோங்கோ மாமி."

தாங்கள் வரப்போவதில்லை என்று பெட்டியை லாரியில் ஏற்றிய அன்றே ரோஹிணிக்குத் தெரியும் என்பது அப்போதுதான் ருக்குவுக்கு முழுதாக உறைத்தது. ஆனாலும் அம்பாள் முன்னால் நீட்டிய தாம்பூலத்தை அவள் மறுக்கவில்லை. கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கிப் பையில் வைத்தாள். சுண்டலுக்கு உட்காரவில்லை.

பஸ் அவளைச் சாலையின் எதிர்ப்பக்கம் இறக்கிவிட்டது. கார்கள் வழி விட்டபாடில்லை. முக்காடு போட்ட ஒரு பெண், "ஆயியே மாதாஜி" என்று கூப்பிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். கடந்து கேட்டுக்குள் வந்தபிறகுதான் தெரிந்தது, அவள் குடியிருப்பது ருக்குவின் வீட்டுக்கு நேர் கீழே. இத்தனை மாதம் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. ஈசுவரன் ஒரு கையை உதறினால் இன்னொரு கையை அனுப்பாமல் இருப்பதில்லை. ருக்கு அவளை மேலே அழைத்துப்போய்க் குங்குமம் கொடுத்து, சுண்டலும் கொடுத்தாள்.

"இத்தனை பொம்மையும் உங்களோடதா?" என்று இந்தியில் கேட்டாள் அந்தப் பெண்.

"பாதி" என்றாள் ருக்கு.

மறுநாள் காலை அவள் கோலமாவு டப்பாவோடு எதிர்வாசலில் குனிந்தபோது கஸ்தூரிரங்கன் கதவருகில் வந்து நின்றார்.

"அங்க எதுக்கு இன்னும்?"

"மனுஷா பண்ணினதுக்கு வாசப்படி என்ன பண்ணும்?"

புள்ளி வைத்து இழுத்தாள். பின்னால் லிஃப்ட் கதவு திறந்தது. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.