ஃபுங்மோய் சொல்லிக்கொடுத்தது

நாயனக்காரர் வாசித்து நிறுத்தியதும், முன்னோர் கூடத்தில் போயென் ஊதுபத்தியை உயர்த்திப் பிடித்து ஹக்கா மொழியில் கணீரென்று சொன்னான்: "நான் ஃபுங்மோயோட மவன். நாளைக்கு எனக்குக் கல்யாணம். எல்லாரும் நேரத்தோட வந்து கல்யாண மது குடிச்சிட்டுப் போங்க."

பின்னால் நின்ற ஃபுங்மோய்க்கு அப்போதுதான் மூச்சு வந்தது. கல்யாணத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளை தன் அம்மா பிறந்த வீட்டு முன்னோரை அழைக்காமல் விட்டால் ஹக்கா ஊரான மெய்னோங்கில் தலைகாட்ட முடியாது. தைபேயில் வளர்ந்த பிள்ளைக்கோ மாண்டரின்தான் தெரியும். பட்டிக்காட்டு வாடை ஒட்டக் கூடாதென்று அவன் காதில் ஹக்காவே விழாமல் வளர்த்தவள் அவள்தான். இப்போது சமையலறையில் வைத்து அவசர அவசரமாகச் சொல்லிக்கொடுத்திருந்தாள். யார் எது பேசினாலும் சிரித்துக்கொண்டே நன்றி சொல், அழைத்துவிடு, போதும்.

அவள் அண்ணன் சின்ஃபா வந்து மருமகனின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"அடேய் மருமவனே, நம்ம பேச்சு பேசுறியேடா!" கண் கலங்கிவிட்டது. குரலைத் தாழ்த்தினார். "இதைக் கேக்க ஒங்கத்தைக்குக் குடுத்து வைக்கலியே. அறுப்புக்கு முன்னாலயே போய்ச் சேந்துட்டா. துக்கக்காரன் நாளைக்கு வரப்படாதுடா. கோவிச்சுக்காத."

போயென் பல் தெரியச் சிரித்தான். "ரொம்ப நன்றி மாமா! நேரத்தோட வந்து குடிச்சிட்டுப் போங்க."

நல்ல காரியம் முடியட்டும் என்று அண்ணி செத்ததை ஃபுங்மோய் மகனிடம் சொல்லாமல் வைத்திருந்தாள். அண்ணே, அவனுக்கு ஒன்றும் புரியவில்லை என்று இப்போது ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொந்தக்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெட்கம் பிடுங்கித் தின்ன, அவள் தரையைப் பார்த்தாள்.

சின்ஃபா கைகளை மெல்ல விட்டார். தங்கையைப் பார்த்தார். கோபித்திருந்தால் தாங்கியிருப்பாள். பிறகு மாண்டரினில், பேங்க்காரரிடம் பேசுவதுபோல, "ரொம்ப சந்தோஷங்க தம்பி. பாத்துப் போங்க" என்றார்.

காரில் ஏறும்போது போயென் கேட்டான். "சரியாச் சொன்னேனாம்மா?"

"சொன்னேப்பா."

வாசலில் அண்ணன் சட்டைப்பையிலிருந்து ஒரு துணித்துண்டை எடுத்தார். சட்டைக் கையில் குத்தியிருந்த துக்கத்துணி. இவர்களுக்காகக் கழற்றி வைத்திருக்கிறார். மறுபடி குத்த ஒற்றைக் கைக்கு வரவில்லை, ஊக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு தடுமாறினார்.

போயென் கண்ணாடியை இறக்கி ஹக்காவில் கத்தினான்: "நேரத்தோட வாங்க மாமா!"

அவர் அந்தத் துண்டை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, தலையைத் தலையை ஆட்டினார்.