வாரம் ஒரு பேட்டரி

காது மெஷின் வாங்கித் தர ஆள் கிடைப்பார்கள். அதற்குப் பேட்டரி வாங்கித் தர ஆள் கிடைக்க மாட்டார்கள். ஆறு வருடம் எங்கள் சங்கத்தில் இருந்து நான் கற்றுக்கொண்டது இதுதான். மெஷினைக் குழந்தையின் காதில் மாட்டும்போது பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம். சட்டைப் பொத்தானைவிடச் சின்னதான பேட்டரியோடு யார் படம் எடுத்துக்கொள்வார்கள்? ஆனால் அது ஒரு வாரம்தான் தாங்கும். தீர்ந்துவிட்டால் எவ்வளவு விலை உயர்ந்த மெஷினும் காதில் செருகிய பிளாஸ்டிக் துண்டுதான்.

அறுபத்து நான்கு குழந்தைகளுக்குப் பேட்டரி கொடுத்துவந்தோம். செலவை ஏற்றிருந்த அறக்கட்டளை வேறு வேலையில் இறங்கி எங்களைக் கை கழுவிவிட்டது. கையிருப்பு இன்னும் இரண்டு மாதத்துக்குத்தான் வரும். இனி எப்படிப் பணம் திரட்டுவது என்று முடிவு செய்ய ஞாயிற்றுக்கிழமை பல் டாக்டரின் கிளினிக்கில் கூடினோம். அவர்தான் எங்கள் தலைவர்.

ஆளுக்கொன்று சொன்னார்கள். ஓட்டப் பந்தயம் நடத்தலாம் என்றார் பொருளாளர். அவர் அந்தக் கிளினிக்கின் மாடிப்படி ஏறிவந்த மூச்சிரைப்பே இன்னும் அடங்கியிருக்கவில்லை. கடைகளில் உண்டியல் வைக்கலாம் என்றார் ஒருவர். யார் போய்ப் போய்த் திறப்பது என்றதும் அடங்கிவிட்டார். கடைசியில் டாக்டர் ஒரு கடிதத்தை எடுத்தார். வீடு கட்டும் கம்பெனி ஒன்று ஒரு வருடச் செலவைத் தருகிறதாம். பதிலுக்கு அவர்கள் வைக்கும் விருந்தில் எங்கள் குழந்தை ஒன்று மேடையேற வேண்டும். மெஷினைக் கழற்றிவிட்டுப் பின்னாலிருந்து கூப்பிடுவார்கள், திரும்பாது. மாட்டிவிட்டுக் கூப்பிடுவார்கள், திரும்பும். எல்லோரும் கை தட்டுவார்கள்.

"உங்க தங்கச்சி பொண்ணு கூச்சமே இல்லாம பேசுமே, அதையே ஏத்திடலாம்," என்றார் டாக்டர் என்னைப் பார்த்து. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டுமாம்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வேறு வழி காட்டாமல் வேண்டாம் என்று மட்டும் எப்படிச் சொல்வது? தங்கை வீட்டுக்குப் போய் அவளிடம் புலம்பிக்கொண்டிருந்தபோது அவளுடைய ஏழு வயதுப் பெண் நடுவில் புகுந்தாள்.

"பெரியம்மா, கேக்காத மாதிரி நான் நடிக்கணுமா? இல்ல, நிஜமாவே கேக்காதா?"

"கழட்டிட்டா நிஜமாவே கேக்காதுடா."

"அப்போ அத்தனை பேரும் என்னைப் பத்தி என்ன பேசினாங்கன்னு எனக்குத் தெரியாதே?"

தங்கை அடுப்பைப் பார்க்கிற சாக்கில் எழுந்து போய்விட்டாள்.

அன்று பழைய நன்கொடைப் பட்டியலை எடுத்துப் புரட்டினேன். மெஷின் வாங்கப் பணம் கொடுத்த இருநூற்றுப் பன்னிரண்டு பெயர்கள். ஒருவர்கூட இரண்டாவது முறை கொடுக்கவில்லை. கஞ்சர்கள் என்றால் முதல் முறையே கொடுத்திருக்க மாட்டார்களே? எங்கள் மேல் ஏதாவது சந்தேகமா? நாங்கள் யாராவது வாய் தவறிப் பேசிவிட்டோமா? இது என் மண்டையைக் குடைய ஆரம்பித்தது. ஆறு வருடத்தில் இதை யாருமே கேட்டதில்லை. கேட்டால் காசுக்குத் தொங்குவதாக நினைப்பார்கள் என்று எங்களுக்கு ஒரு கௌரவம்.

நான் ஒரு அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் டப்பாவைத் திறக்காமல் போனை எடுத்தேன். முதலில் பேசிய டீச்சர், "முடிஞ்சிடுச்சுன்னு நெனச்சேங்க" என்றார். இரண்டாவது ஆளும் அதையேதான் சொன்னார். எது முடிந்தது, யார் சொன்னது என்று இருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. மூன்றாவது, பூட்டு ரிப்பேர் செய்கிறவர்.

"காசு கேக்கக் கூப்பிடலைங்க. ஏன் நிறுத்திட்டீங்கன்னு தெரிஞ்சுக்கத்தான்."

"நான் எங்கம்மா நிறுத்தினேன்? நீங்கதானே போதும்னு எழுதினீங்க."

"நாங்களா?"

"இருங்க, கடையிலேயே மாட்டி வெச்சிருக்கேன்." ஸ்டூலை இழுக்கும் சத்தம் கேட்டது. நிறுத்தி நிறுத்திப் படித்தார். "'தங்கள் பேருதவியால் எங்கள் குழந்தைகளின் தேவை முழுமையாக நிறைவேறியது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம்.' நல்லா எழுதியிருக்கீங்கம்மா. கண்ணாடி போட்டு வெச்சிருக்கேன்."

அது நான் எழுதிய கடிதம். வரி அழகாக விழுந்திருக்கிறது என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டு, இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் அனுப்பியது. கொடுக்க வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தி, மரியாதையாக வழியனுப்பி வைத்திருக்கிறேன். அப்புறம் பேசுகிறேன் என்று உளறிவிட்டுப் போனை வைத்துவிட்டேன்.

அதன் பிறகு நான்கு நாளும் போனும் கையுமாகத்தான் இருந்தேன். தேவை தீரவில்லை, வாரா வாரம் வரும், மாதம் சின்னத் தொகை கொடுத்தால் போதும் என்று அலங்காரம் எதுவும் இல்லாமல் சொன்னேன். பூட்டுக்காரரை மட்டும் கடைசிக்குத் தள்ளிவைத்தேன். வெட்கம்தான், வேறென்ன?

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் என் கடிதத்தை நானே படித்துக் காட்டினேன். பொருளாளருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அடுத்தவங்க பிழையைத் திருத்தறதுதானே உங்க வேலை?"

"இதுல எழுத்துப் பிழை ஒண்ணுகூட இல்லைங்க," என்றேன்.

மாதாமாதம் தருவதாக எண்பத்து மூன்று பேர் ஒப்புக்கொண்டிருந்தார்கள். பேட்டரிக்கு அது போதும். மெஷினைக் காதுக்குள் பொருத்தும் அச்சுகளைக் குழந்தையின் காது வளர வளர மாற்ற வேண்டும், அதற்குப் போதாது. அதையும் மறைக்காமல் சொன்னேன்.

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "தப்பா நெனைக்காதீங்க. போன்ல சரின்னு சொல்றது சுலபம். மூணு மாசம் தருவாங்க, அப்புறம் மறந்துடுவாங்க. கம்பெனிக்காரன் ஒரு வருஷம் முழுசாத் தர்றான். இவங்க எத்தனை நாளைக்குத் தருவாங்கன்னு உங்களால சொல்ல முடியுமா?"

"முடியாது. ஆனா மத்தியானம் பூட்டுக்காரர் என்கிட்ட கேட்டதைச் சொல்லவா?"

"சொல்லுங்க."

"எத்தனை வருஷத்துக்குத் தேவைப்படும்னு கேட்டார். ஒரு அஞ்சு வருஷம்னு சொல்லத்தான் நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. மென்னு முழுங்கிட்டு உள்ளதைச் சொன்னேன். எங்க பொண்ணுக்கு இப்போ ஏழு வயசு, அவ கிழவியாகிற வரைக்கும் வேணும்னேன்."

"வெச்சிட்டாரா?" என்றார் பொருளாளர்.

"இல்ல. 'எனக்கு இப்பவே அறுபத்தெட்டும்மா, என் மக நம்பரையும் எழுதிக்கங்க'ன்னார்."

பட்டியலின் கடைசி வரியை டாக்டர் பக்கம் நகர்த்தினேன். ஒரே பெயருக்கு எதிரில் இரண்டு எண்கள் இருந்தன.

"அவர் மகளுக்கு இது தெரியுமா?"

"பக்கத்துலதான் இருந்தா. 'சரிப்பா'ன்னு சொன்னது எனக்கே கேட்டுச்சு."

டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த இரண்டு எண்களையும் விரல் வைத்துப் பார்த்தார். பிறகு கம்பெனியின் கடிதத்தை இழுத்து, குழந்தைகள் யாரும் மேடைக்கு வர மாட்டார்கள் என்று அதன் அடியில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.