பனியின் மேல் ஒரு சூப்புப் பானை

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிப்ரவரியில் ஒரு காலை, குப்பைத் தொட்டியைத் தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனேன். அடுத்த வீட்டுக் கொல்லையில் மார்லீஸ் மண்டியிட்டிருந்தாள். எதிரே உறைந்து கிடந்தது மீன்குளம். உறைந்த தண்ணீரின் மேல் ஆவி பறக்கும் சூப்புப் பானை. அதன் இரண்டு காதுகளையும் பழைய துண்டால் பிடித்துக்கொண்டு, கீழே பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

"செத்து கித்துத் தொலைச்சே, உன்னைக் கொன்னுடுவேன், பாத்துக்க."

இந்த வாக்கியத்துக்காகத்தான் கதை. மற்றதெல்லாம் இதை ஏற்றிவர நான் கட்டிய வண்டி. வண்டி கொஞ்சம் ஆடும்.

2

தொடக்கம், முதல் முயற்சி: ஹெர்னெ என்ற சுரங்க நகரத்தின் மேல் குளிர்காலம் ஒரு வெண்போர்வையைப் போல

(நிறுத்திவிட்டேன். இங்கே பனி விழுந்து மத்தியானத்துக்குள் சாம்பல் நிறமாகிவிடும். போர்வையாவது ஒன்றாவது. காலை வைத்தால் இடுப்பு ஒடியும்.)

இரண்டாவது முயற்சி: ஏகோன் தன் மனைவியைவிடத் தன் மீன்களைத்தான் அதிகம்

(இது மார்லீஸின் புகார். புகாரையே முதல் வரியாக வைத்தால் கதை அவள் பக்கம் சாய்ந்துவிடும். கடைசியில் சாயத்தான் போகிறது, அவசரமில்லை.)

சரி, நடந்ததையே சொல்கிறேன். மார்லீஸின் புருஷன் ஏகோன் நிலக்கரி வெட்டியவர். சுரங்கத்தை மூடி எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பியபோது அவருடைய கைக்கு வேலை போதவில்லை. காலனி வீட்டின் கொல்லையில் மண்வெட்டியோடு இறங்கினார். மற்றவர்கள் முழங்கால் ஆழத்தில் குளம் வெட்டுவார்கள். இவர் தன் தலை மறையும் வரை வெட்டினார், பக்கச் சுவர் சரியாமல் இருக்க மரம் முட்டுக்கொடுத்து. "என்னய்யா, மறுபடி கரிக்கா?" என்று தெருவே கேட்டது.

அதில் கோய் என்கிற அலங்கார மீன்களை விட்டார். இருப்பதிலேயே பெரியது, தலையில் கறுப்புத் திட்டுள்ள வெள்ளை மீன். அதற்கு ஷ்டைகர் என்று பெயர் வைத்தார். சுரங்கத்தில் மேற்பார்வை பார்க்கிற அதிகாரியை அப்படித்தான் சொல்வார்கள்.

"வாழ்க்கை பூரா ஷ்டைகர் கூப்பிட்டா நான் ஓடினேன்," என்பார். "இப்ப நான் விரலைச் சொடுக்கினா ஷ்டைகர் ஓடி வரான்."

நவம்பரில் ஏகோனுக்குப் பக்கவாதம். வலது கை விழுந்தது, பேச்சும் விழுந்தது. நகரத்துக்கு வெளியே ஒரு மறுவாழ்வு மருத்துவமனையில் சேர்த்தார்கள். அவரிடம் மிஞ்சியவை சில சொற்கள். கிழவி. காப்பி. வேண்டாம். பிறகு ஒன்று, கேள்வியாகவே வரும்.

"ஷ்டைகர்?"

"நல்லாத்தான் இருக்கான்," என்றாள் மார்லீஸ். "உன்னைவிடக் குண்டா இருக்கான்."

விரல்களுக்குப் பயிற்சி என்று துணி மாட்டும் கிளிப்புகளைக் கொடுத்தார்கள். தட்டிவிட்டார். மார்லீஸ் வீட்டிலிருந்து மீன்தீனி டப்பாவைக் கொண்டுபோய் வைத்தாள். அந்த நாற்றத்தை முகர்ந்ததும் வலது கை மெல்ல நகர்ந்தது. இரண்டு விரலால் ஓர் உருண்டையைக் கிள்ளி எடுத்து, தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டார். அன்றிலிருந்து தினமும் அதே பயிற்சிதான்.

ஷ்டைகர் செத்தால் அந்தக் கை எதற்காகக் கிள்ளும்? அதுதான் மார்லீஸின் பயம்.

3

ஹைனரை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

முதல் பிரதியில் அவரை வில்லனாக்கினேன். வில்லனுக்கு வசதியான ஆள். ஏகோனின் வேலிக்கு மறுபக்கம் வீடு, அங்கே ஒரு வாதுமை மரம். அதன் இலை ஒவ்வோர் இலையுதிர்காலத்திலும் குளத்தில் விழும், அடியில் அழுகும், அழுகியதிலிருந்து நச்சுக் காற்று கிளம்பும். இதனால் ஏகோனுக்கும் அவருக்கும் வருடக்கணக்கில் பேச்சில்லை. கதைக்கு இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் கடுங்குளிர் இறங்கி, குளம் ஓர் ஓட்டைகூட இல்லாமல் மூடிக்கொண்ட அன்று, மார்லீஸ் கரி உடைக்கும் சுத்தியலோடு கொல்லைக்கு வந்தபோது, வேலியைத் தாண்டிக் குதித்தவர் இந்த ஹைனர்தான். எழுபது வயதில்.

"ஏய் மார்லீஸ்! வைடி கீழ!"

"மூச்சு முட்டிச் சாகும்யா உள்ள."

"நீ ஒரு போடு போட்டா, அந்த அதிர்ச்சியிலயே மொத்தமும் செத்து மிதக்கும். மூடின அறையில வெடி வெச்ச மாதிரி. வென்னீர்ப் பானையை மேல வை. தானா உருகி ஓட்டை விழும்."

"இலையைக் கொட்டினவன் புத்தி சொல்ல வந்துட்டான்."

"மரம் கொட்டுச்சு. நானா கொட்டினேன்?"

இதோடு நிறுத்தியிருந்தால் ஹைனர் நல்லவராகவே கதையை விட்டுப் போயிருப்பார். ஆனால் அவர் சுரங்கத்தில் காற்றோட்டம் பார்த்தவர். எந்தச் சந்தில் நல்ல காற்று போகிறது, எந்த மூலையில் கெட்ட காற்று தேங்குகிறது என்பதே அவருடைய பிழைப்பு. பானை வைத்து ஓட்டை விழுந்ததும், ஏகோன் போனபின் கழற்றி வைத்திருந்த காற்று மோட்டாரைக் கொட்டகையிலிருந்து எடுத்தார். ரப்பர் குழாயின் நுனியில் கல்லைக் கட்டி, ஓட்டை வழியாகக் குளத்தின் அடிமட்டம் வரை இறக்கினார்.

"ஆழத்துல நிக்கிறவனுக்குத்தான் முதல் காத்து. சுரங்கக் குழிச் சட்டம்."

குமிழிகள் குபுகுபுவென்று மேலே வந்தன. இரண்டு பேரும் திருப்தியோடு பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஆளுக்கொரு வாய் சாராயம் வேறு.

(இங்கே வாசகருக்கு ஒன்று. சுரங்கத்தில் சரியாக இருப்பது குளத்தில் கொலை. குளிர்காலத்தில் குளத்தின் வெதுவெதுப்பான தண்ணீர் அடியில்தான் தங்கும். வெதுவெதுப்பு என்றால் நாலு டிகிரி. மீன்கள் அந்த நாலு டிகிரிக்குள் அசையாமல் கிடந்து குளிரைத் தள்ளும். அடியிலிருந்து காற்று ஊதினால் தண்ணீர் புரளும். மேலே உள்ள குளிர் கீழே போகும். ஹைனர் அன்போடு அவற்றின் போர்வையை உருவிவிட்டார்.)

4

இரண்டு நாள் கழித்து, காலையில் மார்லீஸ் ஓட்டை வழியாக டார்ச் அடித்துப் பார்த்தாள். மீன்கள் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தன. ஷ்டைகரும்.

"ஹைனர்! யோவ்!"

அவர் வந்து பார்த்தார். முகம் வெளுத்தது. "காத்து பத்தல போல. மோட்டாரைக் கூட்டி வெக்கலாம்."

மார்லீஸ் குளத்தின் ஓரத்துக் கட்டையில் அடித்திருந்த ஓர் இரும்புக் கொக்கியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துருப்பிடித்த கொக்கி.

தன் வாழ்நாளில் அந்தக் குளத்தைத் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். என்னிடமும் சொல்லியிருக்கிறாள். ஆனால் சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலேதான் ஜன்னல். ஒவ்வோர் அக்டோபரிலும் அந்த ஜன்னலில் ஏகோனின் குனிந்த முதுகு தெரியும். தண்ணீருக்குள்ளிருந்து குழாயை இழுப்பார், இழுப்பார், பிறகு இந்தக் கொக்கியில் மாட்டுவார். ஈஸ்டர் சமயத்தில் அவிழ்த்து மறுபடி இறக்குவார். பிடிக்காத சினிமாவைத் திரும்பத் திரும்பப் பார்த்த மாதிரி, அவளுக்கு எல்லாம் மனப்பாடமாகியிருந்தது.

"மேல இழு."

"என்னது?"

"குழாயை மேல இழுய்யா. அவன் குளிர்காலத்துல கீழ விடவே மாட்டான். கொக்கியில மாட்டுவான். நுனி மேலாக்க, தண்ணிக்குள்ள ஒரு சாண்தான் இருக்கும்."

"ஏன்னு கேட்டியா அவன்கிட்ட?"

"எதையாவது கேட்டிருக்கேனா நான்?"

ஹைனர் இழுத்தார். கொக்கியில் மாட்டினார். வீட்டுக்குள் போய், தன் மனைவியின் சாமான் அலமாரியைச் சுற்றி வந்திருந்த தெர்மாகோல் பலகைகளைக் கொண்டுவந்து, ஓட்டையை விட்டுவிட்டுக் குளத்தை மூடினார். போகும்போது திரும்பாமல் சொன்னார்: "அவன்கிட்ட சொல்லும்போது, காத்தைக் கீழ விட்டது நான்தான்னு சொல்லு."

இந்த ஒரு வரிக்காக வில்லன் பிரதியைக் கிழித்துப் போட்டேன்.

5

எழுதியவரை மார்லீஸுக்குப் படித்துக் காட்டினேன். அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"நான் அழுதேன்னு எழுதியிருக்கே."

"அழலையா?"

"திட்டினேன். அழுதது ஹைனர். அதை எழுதாதே, பாவம்."

(அவள் அழுத வரியை எடுத்துவிட்டேன். இதை எழுதிவிட்டேன்.)

"முடிவு என்ன?" என்றாள்.

எண்ணி வைத்திருந்த முடிவுகளைச் சொன்னேன். ஒன்று: பனி உருகுகிறது, ஷ்டைகர் வாலை ஆட்டிக்கொண்டு மேலே வருகிறான், ஏகோனின் வலது கை நீள்கிறது.

"கிறிஸ்மஸ் மிட்டாய்," என்றாள்.

இன்னொன்று: ஷ்டைகர் செத்துப்போகிறான். ஹைனர் எங்கெங்கோ அலைந்து அதே மாதிரி வெள்ளை மீனை வாங்கி விடுகிறார். ஏகோன் பார்த்ததும் கண்டுபிடித்துவிடுகிறார். ஆனால் ஹைனரின் முகத்தைப் பார்த்து, அந்த மீனையே ஷ்டைகர் என்று கூப்பிடுகி—

"அவன் அவ்வளவு நல்லவன் இல்ல. செருப்பால அடிப்பான்."

"அப்ப நீயே சொல்லு. இப்ப ஓட்டைல பாத்தா தெரிஞ்சிடுமே?"

உரித்துக்கொண்டிருந்த கத்தி நின்றது. "பாக்க மாட்டேன். நீயும் பாக்காதே. டார்ச் அடிச்சா பதறும், அசையும். இருக்கற தெம்பும் போயிடும். குளிர் விடற வரைக்கும் மேல ஓட்டை மூடாம பாத்துக்கறதுதான் நம்ம வேலை. அவ்வளவுதான்."

6

நேற்று ஏகோன் வந்துவிட்டார். குளிர் இன்னும் விடவில்லை. மருத்துவமனை அவ்வளவு நாள் வைத்திருக்காது. சக்கர நாற்காலியைக் கொல்லை வரை ஹைனர் தள்ளிக்கொண்டு வந்தார். ஏகோன் தெர்மாகோலைப் பார்த்தார். கொக்கியைப் பார்த்தார். அதில் மாட்டியிருந்த குழாயை வெகுநேரம் பார்த்தார்.

"ஷ்டைகர்?"

ஹைனர் வாயைத் திறந்தார். மார்லீஸ் முந்திக்கொண்டாள்.

"தெரியாது. ரெண்டு நாள் தப்பு பண்ணிட்டோம். பிறகு நீ பண்ற மாதிரி பண்ணினேன்."

ஏகோன் அவளை நிமிர்ந்து பார்த்தார். வலது கை மடியிலிருந்து மெதுவாக எழுந்தது. விரல் கொக்கியைக் காட்டியது, பிறகு சமையலறை ஜன்னலை, பிறகு அவளை.

"கிழவி," என்றார். "பாத்தியா."

அது அவரிடம் மிஞ்சிய சொற்களில் இல்லாதது. அவள் உள்ளே போனாள்.

இதோ, இன்று காலை ஓட்டை மறுபடி மூடியிருக்கிறது. பானை அடுப்பில் கொதிக்கிறது. ஏகோன் ஜன்னலோரம், தீனி டப்பா மடியில். எனக்கும் எட்டிப் பார்க்க ஆசைதான். நான் போக மாட்டேன். முடிவு தெரிந்தே ஆகவேண்டும் என்றால், துண்டை எடுத்துக்கொண்டு நீங்கள் வாருங்கள். பானையின் ஒரு காதை மார்லீஸ் பிடிப்பாள், மற்றதை நீங்கள் பிடியுங்கள். பனி மேல் மெதுவாக வையுங்கள். சுத்தியல் மட்டும் வேண்டாம்.