பன்னிரண்டாவது முடிச்சு

கயிற்றில் பன்னிரண்டு முடிச்சுகள், முடிச்சுக்கு ஒரு பிள்ளை. பள்ளிக்குப் பின்னாலிருக்கும் குளக்கரைக்கு என் நாலு வயது வாண்டுகளை அப்படித்தான் கூட்டிப்போவேன். கரை வந்ததும் கயிற்றை விட்டுவிட்டு எறும்பு, இலை, கூழாங்கல் என்று எதை வேண்டுமானாலும் தேடலாம். ஏதாவது ஓர் உயிரைப் பார்த்தால் தொடக் கூடாது, கத்தக் கூடாது, அசையாமல் இருக்க வேண்டும். இதைத் தினமும் ஓதி ஓதி மண்டையில் ஏற்றியிருந்தேன். நான் கைதட்டினால் ஓடி வந்து அவரவர் முடிச்சைப் பிடிக்க வேண்டும்.

அன்று கைதட்டினேன். கடைசி முடிச்சு காலியாகக் கிடந்தது.

"லொடலொடா எங்க ஆயா?"

"இப்பத்தானே டீச்சர் இங்க நின்னா!" ஆயாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

லொடலொடா நாங்கள் வைத்த பெயர். தூக்கத்தில்கூட வாய் ஓயாதவள். அவள் இருக்கும் இடம் ஊருக்கே கேட்கும். இப்போது சத்தமே இல்லை. பத்தடி தள்ளிக் குளம்.

பெரிய டீச்சர் வேறு ஞாபகத்துக்கு வந்தார். "பூச்சி, பறவையெல்லாம் படத்துல காட்டினா போதாதா? ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்று மூன்று மாதம் இழுத்தடித்தவர். ஒரு பிள்ளை கண்ணை விட்டு மறைந்தாலும் பின்கதவுக்குப் பூட்டு என்ற நிபந்தனையோடுதான் அனுமதித்தார். நானும் வீறாப்பாக, "நான் பதில் சொல்றேன்" என்று சொல்லித் தொலைத்திருந்தேன். இப்போது அவள் அம்மாவிடம் போய் என்ன பதிலைச் சொல்வேன்?

"ஆயா, மத்த பதினோரு பேரையும் நகர விடாதீங்க!"

தொண்டை கிழியக் கூப்பிட்டேன். பதில் இல்லை. செருப்போடு தண்ணீரில் இறங்கினேன். முழங்கால் வரை சேறு. குனிந்து இரண்டு கையாலும் துழாவினேன். ஒரு குச்சி தட்டுப்பட்டதற்கே உயிர் போய் வந்தது. கயிற்றில் இரண்டு பிள்ளைகள் அழ ஆரம்பித்துவிட்டார்கள்.

நிமிர்ந்தபோதுதான் கரையோரப் புதருக்குள் அந்தச் சிவப்பு ரிப்பனைப் பார்த்தேன்.

விழுந்தடித்து ஓடினேன். கிளைகளை விலக்கியதும் உள்ளேயிருந்த கூட்டிலிருந்து ஒரு சாம்பல் குருவி விருட்டென்று பறந்தது. குத்தவைத்து உட்கார்ந்திருந்த லொடலொடா என்னைப் பார்த்த பார்வையில் அப்படி ஒரு கோபம்.

"கத்தாதீங்க டீச்சர்!" என்றாள் கிசுகிசுப்பாக. "நீங்கதானே கத்தக் கூடாதுன்னு சொன்னீங்க. இப்ப பாருங்க, அது பயந்து போயிருச்சு."

அறையத்தான் கையை ஓங்கினேன். பாழாய்ப்போன கை அவளை இழுத்து அணைத்துக்கொண்டது. நான் கூப்பிட்டதெல்லாம் அவளுக்குக் கேட்டிருக்கிறது. நான் சொல்லிக்கொடுத்த ஒரே காரணத்துக்காக வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறாள். ஓவென்று அழுதேன். வெட்கமாவது ஒன்றாவது.

"ஷ்ஷ்..." சேறு படிந்த என் வாயை ஒரு குட்டிக் கை பொத்தியது.

அதற்குள் பின்கதவு திறந்து பெரிய டீச்சர் மூச்சிரைக்க வந்து நின்றார், கையில் சாவிக்கொத்தோடு. "என்ன கூப்பாடு இது? நான் அன்னைக்கே சொன்னேனா இல்லையா..."

லொடலொடா அவரை நிமிர்ந்து பார்த்து உதட்டில் விரலை வைத்தாள்.

இத்தனை வருட வேலையில் அவர் வாயை யாரும் அடைத்ததில்லை. அவர் திகைத்து நின்ற அந்த நேரத்தில் குருவி மேல்கிளைக்கு வந்தது. எங்களைத் தலை சாய்த்துப் பார்த்தது. ஒரு கிளை இறங்கியது. மறுபடி பார்த்தது. நாங்கள் மூவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம். மெல்ல வந்து கூட்டில் உட்கார்ந்தது.

"தப்பு என்னோடதுதான்," என்றேன் அவர் காதருகே. "கூப்பிட்டா கையையாவது தூக்கணும்னு சொல்லிக் கொடுக்காம விட்டுட்டேன்."

அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. சத்தம் வராமல் சாவிக்கொத்தை உள்ளங்கைக்குள் இறுக்கிக்கொண்டார். பிறகு லொடலொடாவிடம் குனிந்து கேட்டார்.

"எத்தனை முட்டை?"

வாயைத் திறக்காமல் அவள் மூன்று விரலைக் காட்டினாள்.