பெரியாயி சொன்ன பூச்சியம்

மனம் திடமாக இருந்தால் உடம்பு சீக்கிரம் தேறிவிடும் என்று காட்டுவதற்காக நிரஞ்சலா மூன்று வருடமாக அலைந்துகொண்டிருந்தாள். கலாநிதிப் பட்டத்துக்கான ஆய்வு அது. அந்த ஆய்வில் அவளுக்குக் கிடைத்த தங்கமான ஆள், மலைநாட்டில் ஸ்பிரிங்வெளிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் பெரியாயி. மலைச்சரிவில் விழுந்து வலது தோள் விலகி, வாராவாரம் ஆஸ்பத்திரிக்குத் தோள் பயிற்சிக்குப் போய்வந்தவள்.

பூச்சியத்திலிருந்து பத்துக்குள் வலி எத்தனை என்று நிரஞ்சலா கேட்பாள். முதல் வாரம் மூன்று என்றாள் பெரியாயி. அடுத்த வாரம் ஒன்று. பிறகு எப்போது கேட்டாலும் பூச்சியம்தான். ஆய்வை வழிநடத்திய பேராசிரியருக்கு வாயெல்லாம் பல். நிரஞ்சலா அவளை வைத்து ஓர் அத்தியாயமே எழுதிவிட்டாள். நல்லது செய்வதாக நினைத்து, வலி எண்களைக் குறித்த தாள்களின் பிரதியை ஆஸ்பத்திரிக் கோப்பிலும் போட்டுவைத்தாள். நோயாளிகள் நெருக்கியடிக்கும் இடம் அது. வலியே இல்லாதவளுக்குப் பயிற்சி எதற்கென்று நிறுத்திவிட்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து, நிரஞ்சலா சொல்லாமல் கொள்ளாமல் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்குப் போனபோது, பெரியாயிக்கு மகள் தலைவாரிக்கொண்டிருந்தாள். தாயின் கை தலைவரை எழும்பவில்லை. நிரஞ்சலா அதை மெல்லத் தூக்கிப் பார்த்தாள். நெஞ்சு உயரத்தில் மூட்டு பூட்டிக்கொண்டது. பெரியாயி பல்லைக் கடித்தாளே தவிரச் சத்தம் போடவில்லை.

"வலியே இல்லைன்னு சொன்னீங்களேக்கா?"

"நீங்க மொத நாளு தோட்டத்து ஆபீஸ் வண்டியிலதானே மிஸ் வந்தீங்க. வலின்னு சொன்னா வேலையிலருந்து பேரை வெட்டிருவாங்கன்னு பயந்துட்டேன். பேர் போனா நாங்க குடியிருக்கிற இந்தக் காம்பராவும் போயிரும்."

நிரஞ்சலாவும் லயத்தில் பிறந்தவள்தான். தோட்டத்து வண்டியில் வருகிறவர்களிடம் நோவென்று வாய் திறக்கக் கூடாது என்று அவளுடைய அம்மா சோறு ஊட்டும்போதே சொல்லிக்கொடுத்திருந்தாள். மேடு ஏறச் சோம்பல்பட்டு அதே வண்டியில் ஏறி உட்கார்ந்தபோது, படித்த மூளைக்கு அது எட்டவில்லை.

"இப்ப உண்மையைச் சொல்லுங்க. எத்தனை?"

"பத்து. ரெண்டு கையும் ஓடாம கொழுந்தெடுக்க ஏலாது மிஸ். காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக்குப் போய் நிக்கிறேன். மத்தவங்கதான் அவங்க கொழுந்துல கொஞ்சம் எனக்குப் போட்டுக் குடுக்கிறாங்க. எத்தனை நாளைக்குப் போடுவாங்க?"

நிரஞ்சலா அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். பயிற்சி கொடுக்கும் அர்ஷாத்திடம் கெஞ்சினாள். அவர் கோப்பைத் திறந்து, வரிசையாக இருந்த பூச்சியங்களுக்குக் கீழே அவளுடைய கையெழுத்தைக் காட்டினார்.

"இறுகின மூட்டு இனி எவ்வளவு திரும்பும்னு சொல்ல முடியாது மிஸ். புதுசா பதிஞ்சா அஞ்சு மாசத்துக்குப் பிறகுதான் திகதி கிடைக்கும்."

மறுநாள் நடந்தே மேடேறினாள். நடந்ததையெல்லாம் சொல்லி, தன் பிழைதான் என்று பெரியாயியின் முன்னால் உட்கார்ந்து அழுதாள்.

பெரியாயி அழவில்லை. வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"உங்களுக்கு எத்தனை வேணும்னு சொல்லுங்க மிஸ், அதையே சொல்றேன். பயிற்சியை மட்டும் திரும்பக் குடுக்கச் சொல்லுங்க."