கழித்த இருட்டு

பம்ப் மெக்கானிக்கின் கம்ப்யூட்டர் மேஜைக்கடியில் முதல் நாள் கிடந்த இருட்டு ஒரு தலையணை உறை அளவுதான் இருந்தது. தொட்டால் ஜில்லென்றது. அவர் அதைக் கூட்டி வாசலுக்கு வெளியே தள்ளினார். வெயிலில் போய்க்கொண்டிருந்த தெருநாய் ஒன்று அதன்மேல் சுருண்டு, சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை.

அது வந்த வழி அவருக்கு விளங்காமலில்லை. இருபது வருடமாக மொட்டைமாடியில் நின்று வானத்தைப் படம் பிடிப்பவர். பிலிம் காலத்தில் நாற்பது நிமிஷம் கண்ணை எடுக்காமல், கேமரா நிற்கும் தாங்கியின் திருகைக் கையால் திருப்பி ஒரு நட்சத்திரத்தைத் துரத்துவார். நடுவில் ஒரு விமானம் குறுக்கே போனால் எல்லாம் போச்சு. தப்பித்தவறிப் படம் வந்தாலும், ஆண்ட்ரோமெடா நட்சத்திர மண்டலம் சட்டையில் பட்ட எண்ணெய்க் கறை மாதிரி இருக்கும். இப்போதோ உள்ளங்கையில் அடங்கும் கேமரா, வானத்தோடு தானே திரும்பும் மோட்டார், முந்நூறு படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி விமானக் கோட்டைத் துடைத்துவிடும் கம்ப்யூட்டர். கறைக்குள்ளிருந்து சுருள் சுருளாகத் தூசிப் பட்டைகள் எழுந்து வந்தன. மலையுச்சி ஆய்வுக்கூடங்களுக்கு மட்டும் வாய்த்த காட்சி, துணி காயும் கொடிக்கடியில் நின்றவருக்கு வாய்த்தது. அப்படி வாய்க்க, கூடுதலாக ஒரு வேலை உண்டு. லென்ஸை மூடி சில படங்கள் எடுத்து, அதில் பதிந்த கேமராவின் சொந்த இருட்டை வானப் படங்களிலிருந்து கம்ப்யூட்டரில் கழிக்க வேண்டும். கழித்தது எங்கேயாவது விழத்தானே வேண்டும்?

அவர் மனைவி இரவுப் பணி நர்ஸ். பகலில் தூங்க வேண்டியவள் எட்டு மாதமாகச் சரியாகத் தூங்கவில்லை. ஜன்னலில் கறுப்புத் துணி, அட்டை, அலுமினியத் தாள் எல்லாம் ஒட்டியாயிற்று. வெளிச்சம் எறும்பு மாதிரி வழி கண்டுபிடித்து வந்தது. போன வாரம் ஒருவருக்குரிய ஊசியைப் பக்கத்துக் கட்டில்காரருக்குப் போடப் போய், கடைசி நொடியில் கை நின்றது. இன்னொரு தடவை என்றால் வேலை இல்லை என்றார்கள். வேலையைவிட, அடுத்த தடவை கை நிற்குமா என்பதே அவளை அரித்தது. நாய் தூங்கியதைப் பார்த்த நாளிலிருந்து மெக்கானிக்குக்கு ஒரு யோசனை இருந்தது. ஆனால் ஒரு தலையணை உறை நாய்க்குத்தான் காணும்.

அந்த வாரம்தான் அவர் மறதியில் லென்ஸ் மூடியைக் கழற்றாமலே ராத்திரி முழுக்கப் படம் எடுத்தார்.

காலையில் வந்தவள் சிரித்துவிட்டாள். "இருபது வருஷ அனுபவம், மூடியக் கழட்டத் தெரியல. இதுல என்னையத் தூங்குமூஞ்சின்னு சொல்ல வேண்டியது!"

"சும்மா இரும்மா," என்றவர் பழக்கதோஷத்தில் இருட்டிலிருந்து இருட்டைக் கழித்தார். திரையில் ஒன்றும் மிஞ்சவில்லை. மேஜைக்கடியில் முழங்கால் உயரத்துக்கு நிறைந்துவிட்டது. இருவரும் போர்வையில் அள்ளி, நாலு நடையில் படுக்கையறையில் கொட்டினார்கள். ஜன்னல் திறந்தே கிடந்தது.

"செவப்பா மூணு மின்னுதே, எந்த நட்சத்திரங்க?"

"நட்சத்திரம் இல்ல. கேமராவோட கோளாறு."

"அழகான கோளாறு," என்றாள். ஒன்பது மணி நேரம் தூங்கினாள்.

அதன்பின் மேகம் மூடிய நாட்களை அவர் திட்டுவதில்லை. மூடி போட்டபடியே கேமராவை வைத்துவிடுகிறார்; வானம் தெளிந்த நாளிலும் பாதி ராத்திரிக்கு மேல் மூடிதான். ஊசி எதுவும் மாறவில்லை. தினமும் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே, பால் வந்துவிட்டதா என்று கேட்கிற குரலில் அவள் கேட்பாள்:

"இன்னைக்கு எவ்வளவுங்க?"

"கட்டில் மட்டத்துக்குக் கொஞ்சம் மேல."

"போதும்," என்று கொண்டையை அவிழ்த்துக்கொண்டே உள்ளே நடப்பாள். முதலில் பாதம் மறையும், பிறகு முழங்கால், படுத்ததும் அவள் முழுக்க.